டிசிப்ளின் என்ற பதில்

தமிழில் டே டிரேடிங் சொல்லித்தரும் வீடியோக்களையும் புத்தகங்களையும் கொஞ்ச காலமாகத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். ஆள் மாறினாலும் பாடம் பெரிதாக மாறுவதில்லை. முதலில் ஒரு இண்டிகேட்டர், அல்லது இரண்டு மூன்று சேர்ந்த ஒரு செட்டப். ஆர்.எஸ்.ஐ. 30-க்குக் கீழே போய்த் திரும்பினால் வாங்கு. 9 ஈ.எம்.ஏ. கோடு 21 ஈ.எம்.ஏ. கோட்டை மேல்நோக்கி வெட்டினால் வாங்கு. அடுத்து விதிகள்: ஸ்டாப் லாஸ் இல்லாமல் உள்ளே போகாதே, நஷ்டத்துக்கு ஒரு பங்கு விட்டால் லாபத்துக்கு இரண்டு பங்கு வை, இரண்டு டிரேடு தோற்றால் அன்றைக்கு மூடிவிட்டு எழுந்து போ. கடைசியில் எல்லாரும் வந்து சேரும் இடம் ஒன்றுதான்: இந்த செட்டப் நிச்சயம் வேலை செய்யும், உனக்கு டிசிப்ளின் இருந்தால்.

எனக்கு உறுத்துவது அந்த 'இருந்தால்'. லாபம் வந்தால் செட்டப்பின் பெருமை, நஷ்டம் வந்தால் உன் டிசிப்ளின் குறை. முடிவு எப்படி வந்தாலும் பாடத்துக்குச் சேதம் வராது. தப்பென்று நிரூபிக்க வழியே இல்லாமல் அமைந்த பாடம் இது. ஜோசியம் பலிக்காதபோது பிறந்த நேரம் சரியில்லை என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அது மாதிரி.

இதை ஒரு தர்க்கப் பிழையாக மட்டும் பார்த்துவிட்டுப் போக முடியாததற்குக் காரணம், இதில் புரளும் காசு. பங்குகளில் இன்ட்ராடே செய்யும் தனிநபர்களைப் பற்றி செபி 2024 ஜூலையில் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2022-23 நிதியாண்டில் பத்தில் ஏழு பேர் நஷ்டம். 30 வயதுக்குக் கீழே இருப்பவர்களில் 76 சதவீதம். வருஷத்துக்கு 500 டிரேடுக்கு மேல் செய்தவர்களில் 80 சதவீதம். பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் இன்னும் மோசம்: 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் 93 சதவீதத் தனிநபர்கள் நஷ்டப்பட்டார்கள், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று அதே செபி 2024 செப்டம்பரில் சொன்னது. இத்தனை பேருக்கும் டிசிப்ளின் இல்லை என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அப்படிச் சொல்வதற்கு முன், டிசிப்ளின் இருந்திருந்தால் கணக்கு எப்படி மாறியிருக்கும் என்று பார்த்துவிடுவது நல்லது.

முதலில் இண்டிகேட்டர். எல்லாரும் கையில் எடுக்கும் ஆர்.எஸ்.ஐ.யை உருவாக்கியவர் வெல்லஸ் வைல்டர் என்ற அமெரிக்கர். மெக்கானிக்கல் இன்ஜினியராக இருந்தவர். 1978-ல் வந்த அவருடைய ஒரு புத்தகத்தில் ஆர்.எஸ்.ஐ., ஏ.டி.ஆர்., ஏ.டி.எக்ஸ்., பாராபாலிக் எஸ்.ஏ.ஆர். நான்கும் அறிமுகமாயின. இன்றைக்கு எந்த சார்ட் மென்பொருளைத் திறந்தாலும் இந்த நான்கும் இருக்கும். வைல்டர் கணக்குப் போட்டது கமாடிட்டி சந்தைகளின் தினசரி விலைகளை வைத்து. புத்தகத்தைப் படித்தால் பென்சிலும் கால்குலேட்டரும் வைத்து ஒவ்வொரு நாளும் சாயங்காலம் பட்டியல் நிரப்பும் ஓர் ஆளுக்காக எழுதியது என்று தெரியும்.

ஆர்.எஸ்.ஐ.யின் சூத்திரம் பார்க்கப் பயமுறுத்தும். பிரித்துப் பார்த்தால் எளிது. கடைசி 14 நாளில் விலை ஏறிய அளவின் சராசரி ஒரு பக்கம், இறங்கிய அளவின் சராசரி இன்னொரு பக்கம். இரண்டையும் கூட்டினால் மொத்த அசைவு. அந்த மொத்த அசைவில் ஏற்றம் எத்தனை சதவீதம் என்பதுதான் ஆர்.எஸ்.ஐ. ஏற்றத்தின் சராசரி 7 ரூபாய், இறக்கத்தின் சராசரி 3 ரூபாய் என்றால் ஆர்.எஸ்.ஐ. 70. அவ்வளவே. நடந்து முடிந்ததைப் பற்றிய ஒரு சுருக்கம் அது, நல்ல சுருக்கமும்கூட. ஆனால் 70-ஐத் தாண்டினால் அளவுக்கு மீறி வாங்கிவிட்டார்கள், இனி இறங்கும் என்பது சூத்திரத்துக்குள் எங்கேயும் கிடையாது. அது நாம் மேலே ஒட்டும் விளக்கம். நன்றாக ஏறும் பங்கில் ஆர்.எஸ்.ஐ. நாள்கணக்கில் 70-க்கு மேலேயே உட்கார்ந்திருப்பதை யார் வேண்டுமானாலும் சார்ட்டில் பார்க்கலாம்.

இதே 14-ஐ அப்படியே தூக்கி ஐந்து நிமிட சார்ட்டில் வைக்கிறோம். நம் சந்தை காலை 9.15 முதல் மாலை 3.30 வரை, அதாவது 375 நிமிடம், 75 கேண்டில். 14 கேண்டில் என்றால் 70 நிமிடம். மூன்று வாரத்துக்கு வைத்த அளவுகோல் ஒரு மணி பத்து நிமிடத்துக்கும் பொருந்துமா என்ற கேள்வியை எந்த வீடியோவிலும் யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. மென்பொருளில் ஏற்கெனவே 14 என்று இருக்கிறது, அதனால் 14. வைல்டரோ 1987-ல் 'ஆதாம் கோட்பாடு' என்று வேறொன்றை முன்வைத்துத் தனிப் புத்தகம் எழுதி, இந்த இண்டிகேட்டர்களை விட்டு வேறு பக்கம் போய்விட்டார்.

ஒரு இண்டிகேட்டர் போதாது, மூன்று ஒத்துப்போனால்தான் உள்ளே போகணும் என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஆர்.எஸ்.ஐ., எம்.ஏ.சி.டி., பொலிஞ்சர் பேண்ட் மூன்றுமே அதே விலைப் பட்டியலை வேறு வேறு விதமாக அரைத்து எடுத்தவை. ஒரே சாட்சியை மூன்று சட்டை மாற்றிக் கூண்டில் ஏற்றினால் மூன்று சாட்சி ஆகாது. விலை வேகமாக ஏறினால் மூன்றும் சேர்ந்துதான் ஏறும், அதற்கு வேறு வழியில்லை.

அப்படியென்றால் இண்டிகேட்டர் எல்லாமே சும்மாவா? அப்படியும் ஒரேயடியாகச் சொல்ல முடியாது. 1992-ல் பிராக், லகோனிஷோக், லெபரான் என்ற மூவர், 1897 முதல் 1986 வரையிலான டோ ஜோன்ஸ் குறியீட்டில் மூவிங் ஆவரேஜ், பிரேக்அவுட் வகையைச் சேர்ந்த 26 விதிகளைச் சோதித்தார்கள். வாங்கு என்று விதி சொன்ன நாள்களுக்கும் விற்கச் சொன்ன நாள்களுக்கும் உண்மையிலேயே வித்தியாசம் இருந்தது. டெக்னிக்கல் அனாலிசிஸ் ஆதரவாளர்களுக்குக் கிடைத்த கனமான சான்று அதுதான். 1999-ல் சல்லிவன், டிம்மர்மான், ஒயிட் மூவரும் அதை மறுபடி எடுத்தார்கள். இந்த முறை கிட்டத்தட்ட 8,000 விதிகள். ஆயிரக்கணக்கில் சோதித்தால் ஒன்றிரண்டு தற்செயலாகவே பிரமாதமாகத் தெரியும் அல்லவா, அந்தத் தற்செயலைக் கழித்துவிட்டுப் பார்க்கும் முறையைக் கையாண்டார்கள். பழைய காலத்தில் சிறந்த விதி அந்தக் கழிவுக்குப் பிறகும் தாக்குப்பிடித்தது. ஆனால் 1986-க்குப் பிந்தைய பத்து ஆண்டுகளில் அதே விதி எடுபடவில்லை. இத்தனைக்கும் இவை தினசரி விலையில், நீண்ட காலத்துக்குச் செய்த சோதனைகள். ஐந்து நிமிட சார்ட்டில் நேற்றைய நான்கு நல்ல உதாரணத்தைக் காட்டுவதோடு இதை ஒப்பிடவே முடியாது.

இப்போது விதிகளுக்கு வருவோம். ஒன்றுக்கு இரண்டு என்ற ரிஸ்க் ரிவார்டு விதியைக் கேட்டதும் ஒரு நிம்மதி வரும். பத்தில் நாலு தரம் ஜெயித்தாலே போதும், லாபம்தானே என்று மனசு கணக்குப் போடும். அந்த நாலு எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி. விலை எந்தப் பக்கம் போகும் என்பதைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது என்று வையுங்கள், சுண்டிவிட்ட நாணயம் மாதிரி. டார்கெட்டும் ஸ்டாப்பும் ஒரே தூரத்தில் இருந்தால் நூற்றுக்கு ஐம்பது முறை டார்கெட் அடிபடும். டார்கெட்டை இரண்டு மடங்கு தூரத்தில் வைத்தால் அது அடிபடும் வாய்ப்பு மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடும். மூன்று மடங்கு என்றால் நான்கில் ஒன்று. கூட்டிக் கழித்தால் எல்லாவற்றிலும் சராசரி பூஜ்யம். டார்கெட்டைத் தள்ளி வைத்ததால் கிடைத்தது பெரிய லாபம், குறைந்த தடவை. கணக்கில் அது சமமாகிவிடுகிறது. விகிதத்தை மாற்றி வைப்பதால் மட்டும் லாபம் பிறக்காது.

பூஜ்யத்தோடு நின்றாலாவது பரவாயில்லை. செலவு இருக்கிறதே! ஒரு லட்ச ரூபாய்க்குப் பங்கு வாங்கி அன்றைக்கே விற்கிறோம். டிஸ்கவுண்ட் புரோக்கரிடம் ஆர்டருக்கு 20 என்று இரண்டு ஆர்டருக்கு 40 ரூபாய். விற்கும்போது எஸ்.டி.டி. 0.025 சதவீதம், 25 ரூபாய். எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஸ்டாம்ப் டூட்டி, ஜி.எஸ்.டி., செபி கட்டணம் எல்லாம் சேர்த்து இன்னொரு 17 ரூபாய். ஆக சுமார் 82 ரூபாய். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் போவதை இதில் சேர்க்கவில்லை.

82 ரூபாய்தானே என்று தோன்றும். ஸ்டாப் 500 ரூபாய், டார்கெட் 500 ரூபாய் என்று வைத்தால், ஜெயித்தால் கைக்கு 418, தோற்றால் கையை விட்டு 582. சும்மா நஷ்டமில்லாமல் நிற்கவே நூற்றுக்கு 58 தடவை ஜெயிக்க வேண்டும். டார்கெட்டை 1,000 ஆக்கினால் நூற்றுக்கு 39 தடவை. நாணயம் தருவது முன்னதில் 50, பின்னதில் 33. இந்த இடைவெளியை இண்டிகேட்டர் நிரப்பியாக வேண்டும், அதுவும் ஒரு நல்ல வாரத்தில் மட்டும் இல்லை, வருஷம் முழுக்க. ஒரு நாளைக்கு மூன்று டிரேடு, 200 நாள் என்றால் 600 டிரேடு, செலவு மட்டும் 49,200 ரூபாய். இன்ட்ராடேயில் குறைந்தபட்சம் 20 சதவீத மார்ஜின் இருந்தால் போதும் என்பதால், அந்த ஒரு லட்ச ரூபாய் டிரேடைச் செய்பவரின் சொந்தக் காசு 20,000 ஆகவும் இருக்கலாம். இருபதாயிரத்தை வைத்துக்கொண்டு வருஷத்துக்கு நாற்பத்தொன்பதாயிரம் கட்டணம் கட்டுவது என்றால், எப்பேர்ப்பட்ட செட்டப்பும் மூச்சு வாங்கும். நஷ்டப்பட்டவர்கள் தங்கள் டிரேடிங் நஷ்டத்துக்கு மேல் அதில் 57 சதவீதத்தைக் கட்டணமாகவும் கட்டினார்கள் என்று செபி ஆய்வு சொல்வதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்கலாம்.

இந்த இடத்தில் டிசிப்ளினைப் பொருத்திப் பாருங்கள். மேலே சொன்ன 600 டிரேடையும் ஒருவர் ஒரு விதிகூட மீறாமல் செய்கிறார். ஸ்டாப்பை நகர்த்தவில்லை, பழிவாங்கும் டிரேடு எடுக்கவில்லை. அவருடைய செட்டப்பில் நாணயத்தை விட மேலான எதுவும் இல்லையென்றால், வருஷக் கடைசியில் அவர் எதிர்பார்க்க வேண்டியது கிட்டத்தட்ட அந்த 49,200 நஷ்டத்தைத்தான். டிசிப்ளின் எந்த எண்ணோடு பெருக்குகிறோமோ அந்த எண்ணின் குறியை மாற்றாது. மைனஸ் மைனஸாகவே இருக்கும், கொஞ்சம் ஒழுங்காக வரும்.

டிசிப்ளினுக்கு வேலையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு டிரேடுக்கு முதலில் 2 சதவீதம் மட்டும் பணயம் வைப்பவருக்குத் தொடர்ந்து பத்து டிரேடு தோற்றாலும் 81 சதவீதத்துக்கு மேல் மிஞ்சும். 20 சதவீதம் வைப்பவருக்கு 11 சதவீதம்கூட மிஞ்சாது. ஒரே நாளில் குடும்பத்தைத் தெருவுக்குக் கொண்டுவரும் விபத்தைத் தடுப்பது ஸ்டாப் லாஸ்தான். அது ஹெல்மெட். வண்டி ஓட்டுபவர் கண்டிப்பாகப் போட வேண்டியது. ஆனால் ஹெல்மெட் வண்டியை ஓட்டாது.

இதற்கு எதிராக வழக்கமாகச் சொல்லும் உதாரணம் 'ஆமைகள்'. சிகாகோவில் ரிச்சர்ட் டென்னிஸ், வில்லியம் எக்கார்ட் இருவரும் போட்ட பந்தயம் அது. 1983 கடைசியில் விளம்பரம் கொடுத்து ஆள் எடுத்து, இரண்டு வாரம் பாடம் நடத்தி, சொந்தக் காசைக் கொடுத்து டிரேடு செய்ய விட்டார் டென்னிஸ். அந்த மாணவர்களில் பலர் பெரிய அளவில் சம்பாதித்தார்கள். விதியையும் டிசிப்ளினையும் சொல்லித்தர முடியும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று இல்லை. ஆனால் அந்த விதிகள் என்ன என்று யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. 20 நாள், 55 நாள் உச்சத்தை விலை தாண்டினால் வாங்குவது. தங்கம், காபி, பருத்தி, கச்சா எண்ணெய், கரன்சி, கடன் பத்திரம் என்று ஒன்றோடொன்று ஒட்டாத பல சந்தைகளில் ஒரே நேரத்தில் இருப்பது. போக்கு நீடித்தால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வைத்திருப்பது. பெரும்பாலான டிரேடுகள் சிறு நஷ்டத்தில் முடியும், அபூர்வமாக வரும் ஒரு பெரிய ஓட்டம் எல்லாவற்றையும் ஈடுகட்டும். அந்த ஓட்டம் வரும்வரை சலிக்காமல் இருப்பதற்குப் பெயர்தான் அங்கே டிசிப்ளின். மூன்றேகால் மணிக்கு எல்லாவற்றையும் மூடிவிட வேண்டிய இன்ட்ராடேயில் அந்த மாதக்கணக்கான ஓட்டத்துக்கு இடமே கிடையாது. அதோடு, ஆமைகள் வைல்டரின் ஏ.டி.ஆர். வகை அளவை எடுத்துக்கொண்டது எவ்வளவு வாங்கலாம், ஸ்டாப்பை எங்கே வைக்கலாம் என்று முடிவு செய்ய. அடுத்து விலை எங்கே போகும் என்று குறி கேட்க இல்லை. இண்டிகேட்டரின் உருப்படியான உபயோகம் அது என்று நினைக்கிறேன். அந்த டென்னிஸே 1988 வாக்கில் பெரும் நஷ்டத்துக்குப் பிறகு பிறர் பணத்தை நிர்வகிப்பதிலிருந்து விலக நேர்ந்தது.

அனுபவம் வந்தால் சரியாகிவிடும் என்பது இன்னொரு ஆறுதல். பிரேசிலில் சாகே, டி லோசோ, ஜியோவனெட்டி என்ற ஆய்வாளர்கள், 2013 முதல் 2015 வரை குறியீட்டு பியூச்சர்ஸில் புதிதாக டே டிரேடிங் தொடங்கிய எல்லாரையும் பின்தொடர்ந்தார்கள். 300 நாளுக்கு மேல் விடாமல் செய்தவர்களில் 97 சதவீதம் பேர் நஷ்டம். அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலியை விட அதிகம் சம்பாதித்தவர்கள் 1.1 சதவீதம். நாளாக நாளாகக் கற்றுக்கொண்டு முன்னேறியதற்குத் தடயம் இல்லை. 300 நாள் விடாமல் செய்வது என்பதே ஒருவகை டிசிப்ளின்தானே. தைவானில் பார்பர், ஓடியன் குழுவினர் 1992 முதல் 2006 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தபோது, செலவு போக வருஷா வருஷம் நம்பிச் சொல்லும்படி சம்பாதிப்பவர்கள் ஒரு சதவீதத்துக்கும் கீழே என்று கண்டார்கள். அந்தச் சிலர் நிஜமானவர்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு பாடத்திட்டத்தை வாங்கினால் அந்தச் சிலரில் ஒருவராகலாம் என்பதற்கு அதில் ஆதாரம் இல்லை.

பிறகு எப்படி இத்தனை பேர், இந்த செட்டப் எனக்கு வேலை செய்தது என்று கமெண்டில் எழுதுகிறார்கள்? பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆயிரம் பேர் ஆளுக்கு இருபது முறை நாணயம் சுண்டினால், அவர்களில் சுமார் 130 பேருக்கு 13 அல்லது அதற்கு மேல் தலை விழும். அதாவது 65 சதவீத வெற்றி. அந்த 130 பேர் சந்தோஷமாக எழுதுவார்கள். மற்றவர்கள் டிசிப்ளின் போதவில்லை என்று பேசாமல் இருப்பார்கள். இருபது டிரேடு எதையும் நிரூபிக்காது. நூறு டிரேடில் 55 ஜெயித்தாலும் நாணயம் அதைச் செய்யக்கூடிய எல்லைக்குள்தான் இருக்கிறது.

டிசிப்ளினுக்கு நான் கொடுக்க விரும்பும் இடம் இங்கேதான். விதியை அப்படியே பின்பற்றினால்தான் விதியைச் சோதிக்க முடியும். நாளுக்கொரு விதமாக மாற்றிக்கொண்டே இருந்தால் தோற்றது விதியா நாமா என்று தெரியாது. ஆகவே காசு போடுவதற்கு முன் விதியை எழுதிவைத்து, அதற்கப்புறம் வரும் எல்லா சிக்னலையும், பிடித்தது பிடிக்காதது பார்க்காமல், நோட்டில் எழுதி வரலாம். கட்டணங்களையெல்லாம் கழித்த தொகையைப் போட வேண்டும். பக்கத்திலேயே இன்னொரு பத்தியில், அதே நேரத்தில் நாணயம் சுண்டி, அதே ஸ்டாப், அதே டார்கெட் வைத்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத வேண்டும். சில நூறு வரி சேர்ந்தபின் இரண்டு பத்தியையும் கூட்டிப் பார்க்கலாம். நாணயப் பத்தியைத் தெளிவாக முந்தாத செட்டப்பை விட்டுவிடுவதும் டிசிப்ளின்தான். ஆனால் எந்தப் பாடத்திலும் அந்த டிசிப்ளினைச் சொல்லித்தர மாட்டார்கள்.

செபி 2025 ஜனவரியில், முதலீட்டுக் கல்வி என்ற பெயரில் பேசுபவர்கள் கடைசி மூன்று மாத விலை விவரத்தைக் காட்டிப் பங்குகளைப் பற்றிப் பேசக்கூடாது என்று தெளிவுபடுத்தியது. பாடம் என்ற போர்வையில் டிப்ஸ் கொடுப்பதை நிறுத்த அது உதவும். பாடமே சரியா என்ற கேள்வியை அது தொடவில்லை. அதை நாம்தான் கேட்க வேண்டும்: இந்த விதியை அறிவித்த நாளுக்குப் பிறகு வந்த எல்லா சிக்னலையும் சேர்த்து, செலவு போக, முடிவு என்ன? ஒரு எண்ணைச் சொன்னால் பேச்சைத் தொடரலாம். பதிலுக்கு டிசிப்ளின் பற்றி ஆரம்பித்தால், எண் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

நஷ்டப்பட்டு, தன் மனசுதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு அடுத்த கோர்ஸுக்குப் பணம் கட்டத் தயாராகும் ஒருவர் இதைப் படிக்கிறார் என்றால், அவருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். பணம் கட்டுவதற்கு முன், கடந்த ஒரு வருஷத்து கான்ட்ராக்ட் நோட்டுகளை எடுத்துக் கட்டணத்தை மட்டும் கூட்டிப் பாருங்கள். உங்கள் மனசின் மேல் போட்ட பழியில் எவ்வளவு பங்கு அந்தத் தொகைக்குச் சேர வேண்டியது என்பது அப்போது தெரியும்.